நாவின் தீர்ப்பும் நூறு மதிப்பெண்ணும்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் கரோன், தொர்தோன் என்னும் ஆறுகள் இரண்டும் கூடி, ஜிரோந்த் என்னும் அகன்ற கழிமுகமாகி அத்லாந்திக் பெருங்கடலைச் சென்று சேர்கின்றன. அவ்வாறுகளின் கரைகளெங்கும் திராட்சைத் தோட்டங்கள். போர்தோ என்னும் பழந்துறைமுக நகரின் பெயராலேயே அந்நிலப்பகுதியின் திராட்சை மது உலகெங்கும் அறியப்படுகின்றது. ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் பல நாட்டு வணிகரும் இதழாளரும் அங்கே திரள்கின்றனர். முந்தைய இலையுதிர் காலத்தில் பறித்த பழத்தின் மது அப்போதுதான் மரப்பீப்பாயில் ஆறு திங்கள் வயதை எட்டியிருக்கும். போத்தலில் அடைபட இன்னும் ஓராண்டு ஆகும். அந்த இளமதுவைக் கோப்பையில் ஏந்தி, நிறம் பார்த்து, மணம் முகர்ந்து, ஒரு வாய் கொண்டு, நாவில் உருட்டித் துப்பிவிட்டு, குறிப்பேட்டில் ஓர் எண்ணை எழுதுகின்றனர் சுவைஞர். 92 என்றோ 96 என்றோ எழுதப்படும் அவ்வெண், ஒரு தோட்டத்தாரின் ஓராண்டு உழைப்புக்கு விலை வைத்துவிடுகின்றது.

அவ்வெண் மெய்யா? வெப்பமானி காட்டும் அளவு போல அது பொருளின் இயல்பைக் காட்டுகின்றதா? அன்றி, எழுதியவர் நாவின் அன்றைய நிலையை மட்டும் காட்டுகின்றதா? உலகம் முன்னதை நம்புகின்றது. சான்றுகளோ பின்னதையே உறுதிப்படுத்துகின்றன. ஐயத்திற்குரிய ஒன்றை ஐயமற்றது போல் எண்ணால் எழுதுவது அறிவுக்குச் செய்யும் தீங்கு என்பதை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் தமிழாசிரியர்க்கு மதுவின் கதை எதற்கு எனச் சிலர் முகம் சுளிக்கலாம். 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். அத்தகைய வரலாறுடைய மக்களிடம் மதுவின் பெருமை பேசுவது பொருந்தாது. ஆயின், ஈண்டுப் பேசப்படுவது குடியன்று, மதிப்பீடு. வள்ளுவரே தெரிந்து தெளிதல் என்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆராய்ந்து தேர்ந்த பின்னரே ஒன்றை நம்ப வேண்டும் என்னும் நெறியைக் கற்பிப்போர், உலகின் மிகப் புகழ்பெற்ற மதிப்பெண் ஒன்று எவ்வாறு பிறக்கிறது என அறிந்துகொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. சிவப்பு மை எழுதுகோலைக் கையிலேந்தும் ஒவ்வொருவர்க்கும் அதில் பாடம் உண்டு.

தரகர் எழுதிய பட்டியல்

1855-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியின்போது உலகப் பொருட்காட்சி ஒன்று நடைபெற்றது. அதில் வைக்கப்பட இருந்த போர்தோ மதுக்களின் தரவரிசை ஒன்று வேண்டும் என அந்நகர வணிகர் மன்றம் மதுத் தரகர் சங்கத்தைக் கேட்டது. தரகர்கள் அதே ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள் பட்டியலை அளித்துவிட்டனர். அதற்கென அவர்கள் சுவைத் தேர்வு எதுவும் நடத்தவில்லை. ஒவ்வொரு தோட்டத்தின் மதுவும் நெடுங்காலமாக என்ன விலைக்கு விற்றது என்பதே அவர்களுக்கு அளவுகோலாயிற்று. சிவப்பு மதுக்கள் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டன. லஃபித், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதல் தரம் பெற்றன. இந்நான்கின் பெயர்களையும் 1787-ஆம் ஆண்டிலேயே போர்தோவுக்கு வந்த அமெரிக்கத் தலைவர் தாமசு செபர்சன் முதன்மையானவையெனக் குறித்துச் சென்றிருக்கிறார். ஆக, ஊர் முன்பே நம்பிய ஒன்றைத் தரகர்கள் தாளில் ஏற்றினர், அவ்வளவே.

அப்பட்டியலின் எல்லையும் கருதத்தக்கது. சிவப்பு மதுவில் ஓ-பிரியோன் ஒன்று நீங்கலாக மற்றவை அனைத்தும் மெதோக் என்னும் ஒரே பகுதியைச் சேர்ந்தவை. தொர்தோன் ஆற்றின் வலக்கரையிலுள்ள செந்தெமிலியோனுக்கும் பொமெரோலுக்கும் அதில் ஓரிடமும் இல்லை. இன்று உலகின் மிக விலையுயர்ந்த மதுக்களுள் ஒன்றாகிய பெத்ருசு அந்தப் பொமெரோலின் விளைச்சலே. இன்றுவரை எந்த அரசுப் பட்டியலிலும் அதற்குத் தரம் கிடையாது. தரம் பெறாத ஒன்று தரம் பெற்றவற்றை விஞ்சி நிற்குமாயின், தரப்பட்டியல் எதை அளந்தது என்னும் வினா எழுமன்றோ?

எழுதப்பட்ட பட்டியல் பின்னர்க் கல்லாகிவிட்டது. அதே 1855-இல் காந்தமெர்ல் என்னும் தோட்டம் பிற்சேர்க்கையாக இடம்பெற்றது. அதன்பின் நிகழ்ந்த பெருமாற்றம் ஒன்றே ஒன்று: இரண்டாம் தரத்தின் தலையில் வைக்கப்பட்டிருந்த மூத்தோன் ரோத்சில்டு, 1973-ஆம் ஆண்டில் முதல் தரத்திற்கு உயர்த்தப்பட்டது. அவ்வாணையில் கையொப்பமிட்டவர் அன்றைய வேளாண்மை அமைச்சராகவும் பின்னாளில் நாட்டின் அதிபராகவும் விளங்கிய சாக் சிராக். அவ்வுயர்வுக்காக அதன் உரிமையாளர் பிலிப் தெ ரோத்சில்டு பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. மற்ற தோட்டங்கள் கைமாறின. அண்டை நிலத்தை வாங்கிச் சேர்த்தன. கொடிகளைப் பிடுங்கி மீண்டும் நட்டன. மது ஆக்குவோர் மறைந்து அவர்தம் பேரர் வந்தனர். தரம் மட்டும் நிலத்தையும் ஒட்டாமல், ஆளையும் ஒட்டாமல், பெயரை ஒட்டிக்கொண்டு நின்றது. பாட்டனார் பெற்ற மதிப்பெண்ணைப் பேரனின் தேர்வுத்தாளில் எழுதும் ஆசிரியரை எந்தப் பள்ளியேனும் பொறுக்குமா?

திரைக்குப் பின்னே நின்ற மது

பெயரை மறைத்தால் என்ன ஆகும் என்பதை 1976-ஆம் ஆண்டு மே திங்கள் 24-ஆம் நாள் உலகம் கண்டது. பாரிசில் மது வணிகம் நடத்திவந்த சுதீவன் சுபரியர் என்னும் ஆங்கிலேயர் ஒரு சுவைத் தேர்வை ஏற்பாடு செய்தார். போர்தோவின் சிவப்பு மதுக்கள் நான்கும் கலிபோர்னியாவின் சிவப்பு மதுக்கள் ஆறும் பெயர் மறைத்து வைக்கப்பட்டன. வெள்ளை மதுக்களும் அவ்வாறே வைக்கப்பட்டன. தீர்ப்பளித்தோர் ஒன்பதின்மர்; அனைவரும் பிரெஞ்சு நாட்டு வல்லுநர். இருபதுக்கு இத்தனையென மதிப்பெண் இட்டனர். சிவப்பில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் சுடாக்சு லீப் 1973. மூன்றாண்டுகளுக்கு முன்னர் அமைச்சர் கையொப்பத்தால் முதல் தரமான மூத்தோன் இரண்டாமிடத்தில் நின்றது. வெள்ளையிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்கே. நடுவர் ஒருவர் கலிபோர்னிய மதுவைச் சுவைத்துவிட்டு, மீண்டும் பிரான்சுக்கு வந்துவிட்டதாக மகிழ்ந்தார் என்று அங்கிருந்த ஒரே செய்தியாளர் எழுதினார். முடிவு வெளியானதும் மற்றொரு நடுவர் தம் மதிப்பெண் தாளைத் திருப்பித் தருமாறு கேட்டார்.

போர்தோ மது இளமையில் முகம் காட்டாது, முதுமையில்தான் சிறக்கும் என்று அப்போது சமாதானம் கூறப்பட்டது. முப்பதாண்டு கழித்து 2006-இல் அதே சிவப்பு மதுக்கள் மீண்டும் சுவைக்கப்பட்டபோது, முதல் ஐந்து இடங்களையும் கலிபோர்னியாவே கைப்பற்றியது.

இதனால் கலிபோர்னியா உயர்ந்தது, போர்தோ தாழ்ந்தது எனக் கொள்வோர் மீண்டும் அதே குழியில் விழுகின்றனர். 1976-இல் முதல் இரண்டு மதுக்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி மிகச் சிறிது. ஒரே மதுவுக்கு நடுவர்கள் இட்ட மதிப்பெண்களோ ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. அன்று உறுதியானது ஒன்றே: பெயர்ச்சீட்டு தெரிந்தபோது அசையாமல் நின்ற வரிசை, பெயர்ச்சீட்டை மறைத்ததும் சரிந்துவிட்டது.

நூறு என்னும் மயக்கம்

1978-ஆம் ஆண்டில் மதுச் சுவை உலகிற்குள் புதியவர் ஒருவர் நுழைந்தார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து வழக்கறிஞரான இராபர்ட் பார்க்கர் என்பவரே அவர். அவருக்குரிய புகழை மறைப்பது நேர்மையன்று. வணிகரின் விருந்தோம்பலில் வாழ்ந்துகொண்டு வணிகரைப் புகழ்ந்த எழுத்தாளர் மலிந்திருந்த காலத்தில், அவர் விளம்பரம் வாங்காத இதழ் ஒன்றை நடத்தினார். 1982-ஆம் ஆண்டு விளைச்சலைச் சிலர் குறைத்துப் பேசியபோது, அதன் சிறப்பை அவர் உரக்கக் கூறினார். காலமும் அவர் பக்கமே நின்றது. பழைய பட்டியலில் கீழே கிடந்த தோட்டத்தின் மது நன்றாக இருந்தால் நன்று என்றார். மேலே இருந்தது மெலிந்தால் மெலிந்தது என்றார். பரம்பரைப் பெருமைக்கு எதிரான அக்குரல் வரவேற்கத்தக்கதே.

ஆனால் அவர் கையாண்ட அளவுகோல் பள்ளிக்கூடத்து நூறு மதிப்பெண். அதிலும் ஒரு விந்தை உண்டு. எந்த மதுவுக்கும் தொடக்கத்திலேயே 50 மதிப்பெண் கொடுக்கப்படும். எஞ்சிய ஐம்பதில் நிறத்திற்கு 5, மணத்திற்கு 15, சுவைக்கு 20, மொத்தத் தகுதிக்கு 10. நடைமுறையில் நல்ல மதுக்கள் யாவும் எண்பதுக்கு மேல் நெருங்கி நின்றன. 89-க்கும் 90-க்கும் இடையே என்ன வேறுபாடு என்று எந்த நாவும் சொல்ல இயலாது. கடைக்காரரின் கணக்கேடோ மிக நன்றாகச் சொல்லும்.

பீப்பாயிலுள்ள இளமதுவுக்கு 92 முதல் 94 வரை என்பது போல ஒரு வீச்சையே அவர் எழுதிவந்தார். உறுதியாகச் சொல்ல முடியாது என்னும் நேர்மை அதில் இருந்தது. போத்தலில் அடைபட்டதும் அந்நேர்மை மறைந்து ஒற்றை எண் வந்து அமர்ந்தது. சுவைப்பவரின் நா மாறவில்லை. போத்தலால் அது துல்லியம் பெற்றுவிடவும் இல்லை.

அவ்வெண்ணின் வலிமையை அளந்து காட்டும் நிகழ்ச்சியொன்று 2003-ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு இளவேனிலில் ஈராக்குப் போர் காரணமாகப் பார்க்கர் போர்தோவுக்கு வரவில்லை. அவர் மதிப்பெண் வெளிவருமுன்னரே தோட்டங்கள் விலை கூற வேண்டியதாயிற்று. இதனை வாய்ப்பாகக் கொண்டு பிரெஞ்சுப் பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஒரு போத்தலின் விலையில் ஏறத்தாழ 2.80 யூரோ அவர் மதிப்பெண்ணால் விளைவது என அவர்கள் கண்டனர். மழையும் வெயிலும் மண்ணும் அன்று. ஒரு மனிதரின் வருகை.

அவ்விதழின் பெரும்பங்கு 2012-இல் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட முதலீட்டாளர் கைக்கு மாறியது. 2019-இல் முழுவதும் மிச்செலின் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பார்க்கர் அதே ஆண்டில் ஓய்வு பெற்றார். அவர் விட்டுச்சென்ற நூறு மதிப்பெண் மட்டும் ஓய்வு பெறவில்லை. பல இதழ்களும் கடைகளும் இன்றும் அதனையே கையாளுகின்றன. அரசன் போனான், அரியணை நின்றது.

ஒரே போத்தல், மூன்று தீர்ப்பு

இம்மதிப்பெண் எத்துணை உறுதியுடையது? கலிபோர்னியாவில் சிறிய மதுப்பண்ணை ஒன்றை நடத்திய இராபர்ட் ஓட்சன் என்பவர் புள்ளியியல் அறிந்தவர். தம் மது ஒரு போட்டியில் தங்கப் பதக்கம் பெறுவதும் அதே மது மற்றொரு போட்டியில் ஒன்றும் பெறாமல் திரும்புவதும் அவரை வியப்பில் ஆழ்த்தின. கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியில் 2005 முதல் 2008 வரை அவர் ஓர் ஆய்வு நடத்தினார். ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய மதுவை மூன்று கோப்பைகளில் மற்ற மதுக்களோடு கலந்து ஒரே நடுவர்க்கு அளித்தார். ஏறத்தாழப் பத்தில் ஒரு நடுவரே அம்மூன்றுக்கும் ஒரே பதக்க நிலையைத் தந்தார். பின்னர் பதின்மூன்று போட்டிகளின் முடிவுகளை ஒப்பிட்டார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்ட 2,440 மதுக்களில் 47 விழுக்காடு எங்கேனும் ஒரு தங்கம் பெற்றிருந்தன. அவ்வாறு தங்கம் பெற்றவற்றுள் 84 விழுக்காடு, வேறொரு போட்டியில் எந்தப் பரிசும் பெறவில்லை.

அது கலிபோர்னிய நடுவரின் குறை, போர்தோ வல்லுநர்க்குப் பொருந்தாது எனலாமா? 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு போர்தோவிலேயே நிகழ்ந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மது ஆக்கவியல் பயின்ற மாணவர் 54 பேர்க்கு வெள்ளை மதுவும் சிவப்பு மதுவும் கொடுக்கப்பட்டன. சிவப்பு எனக் கொடுக்கப்பட்டது, மணமற்ற சாயம் கலந்த அதே வெள்ளை மது. அதன் மணத்தை விளக்க அம்மாணவர் கையாண்டவை சிவப்பு மதுவுக்குரிய சொற்களே. மூக்கு நுகர்வதற்கு முன்னரே கண் தீர்ப்பெழுதிவிட்டது. இவர்கள் அறியாதவரல்லர், அத்துறையில் பயிற்சி பெறுபவர். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், ஒரே மதுவைப் பத்து வெள்ளி என்றும் தொண்ணூறு வெள்ளி என்றும் கூறிக் கொடுத்தனர். விலை மிகுதியென்று சொல்லப்பட்டபோது சுவை மிகுதியென்றனர் சுவைத்தவர்; இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியும் அப்போது மிகுதியாக இயங்கியதாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெயரும் விலையும் உண்மையாகவே நாவை மாற்றிவிடுகின்றன. ஏமாற்றுவோர் இல்லாமலேயே ஏமாற்றம் நிகழ்வதுதான் இதன் அச்சந்தரும் இயல்பு.

மறுப்புக்கு மறுப்பு

அங்ஙனமாயின் சுவையறிவு என்பதே பொய்யா எனக் கேட்கலாம். பொய்யன்று. போர்தோப் பல்கலைக்கழகத்தின் எமில் பேனோ போன்றோர், நாவையும் மூக்கையும் முறையாகப் பழக்கலாம் என நிறுவினர். தக்கை கெட்டதால் ஏறிய பூஞ்சை நாற்றம், காற்றுப்பட்டு மங்கிய மணம், புளித்துக் காடியாகும் குறி ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவர் எளிதிற் கண்டுபிடிப்பர். பழுதுள்ளது எது, பழுதற்றது எது, நன்று எது, மிக நன்று எது என்னும் அளவுக்கு வல்லுநரின் சொல் நம்பத்தக்கது. அதற்கு மேல் 93-ஆ 94-ஆ என்று பிரிக்கும்போதுதான் அறிவு முடிந்து ஆரவாரம் தொடங்குகின்றது.

1855-ஆம் ஆண்டுப் பட்டியலின் முதல் தரங்கள் இன்றும் முதன்மையாகவே விளங்குகின்றனவே, அது அப்பட்டியலின் மெய்மைக்குச் சான்றன்றோ என்பது அடுத்த வாதம். முதல் தரம் எனும் பெயர் உயர்ந்த விலையைத் தந்தது. உயர்ந்த விலை செல்வத்தைத் தந்தது. அச்செல்வத்தால் ஆண்டுதோறும் புதிய கருவாலி மரப்பீப்பாய் வாங்கலாம். சிறந்த பழத்தை மட்டும் பொறுக்கி எடுத்து, எஞ்சியதை இரண்டாம் பெயரில் விற்கலாம். முன்வரிசையில் அமர்த்தப்பட்ட மாணவன் நன்கு பயின்றான் என்றால், வரிசை பிரித்தவர் தீர்க்கதரிசி ஆகிவிடுவாரா? பின்வரிசைக்கு யாருடைய கண்ணும் செல்லவில்லை என்பதன்றோ உண்மை?

பட்டியலை அவ்வப்போது திருத்தினால் போதும் என்போர்க்குச் செந்தெமிலியோன் விடை கூறும். 1955-இல் தனக்கெனப் பட்டியல் வகுத்த அவ்வூர், அதனைக் காலந்தோறும் திருத்தியும் வருகின்றது. 2006-ஆம் ஆண்டுப் பட்டியல் வழக்குமன்றம் சென்று செல்லாததாயிற்று. 2022-ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து, உச்சத்தில் இருந்த செவால் பிலான், ஓசோன், ஆஞ்செலூசு என்னும் மூன்று தோட்டங்களும் தாமே விலகிக்கொண்டன. சுவைக்குப் புறம்பான புகழும் விளம்பரமும் எடைபோடப்படுவது முதலிருவரின் குறை. அளவுகோலே கோணலாயின், அடிக்கடி அளப்பதனால் நேராகிவிடாது.

வாங்குவோர்க்கு வழிகாட்டி வேண்டாமா என்பது இறுதி வாதம். வேண்டும். பொய்த் துல்லியம் வழிகாட்டியன்று. புகழ்பெற்ற சில பெயர்களின் போத்தல்கள் ஏலத்தில் பொன்விலைக்குப் போகும் அதே போர்தோவில், விற்பனை குன்றி, 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9,500 ஹெக்டேர் கொடிகளை வேரோடு பிடுங்க அரசு உதவித்திட்டம் வகுக்கப்பட்டது. சிவப்பு மதுவின் நுகர்வு குறைந்தது அதற்கு முதற்காரணம்தான். ஆயினும், எண்ணும் தரமும் பெறாத சிறு உழவரின் மதுவைச் சுவைத்துப் பார்க்கவும் ஆளில்லாத நிலையில் மதிப்பெண்ணுக்குப் பங்கே இல்லை என எவர் துணிந்து கூறுவார்?

சிவப்பு எழுதுகோலுக்கு ஒரு சொல்

இவ்வளவும் படித்த ஆசிரியர், போர்தோவை எண்ணி நகைத்துவிட்டு, மேசை மீதுள்ள கட்டுரைத் தாள்களுக்குத் திரும்பக் கூடும். ஆங்கேயும் அதே கதைதான் காத்திருக்கின்றது. 1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சுடார்ச், எலியட் என்னும் இரு கல்வியாளர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்க்கு அனுப்பினர். அறுபதுகளிலிருந்து தொண்ணூறுகள்வரை பரவிய மதிப்பெண்கள் திரும்பி வந்தன. தாள் ஒன்று; கைகள் பல. பெயர்ச்சீட்டைப் பார்த்துச் சுவைத்த மதுவுக்கும், கெட்டிக்கார மாணவன் என்று அறிந்து திருத்திய கட்டுரைக்கும் வேறுபாடு என்ன?

மருந்தும் போர்தோவின் கதையிலேயே உள்ளது. பெயரை மறைத்துத் திருத்துக. ஐயத்திற்குரிய தாளை மற்றொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்க. சில தாள்களை நாள் கழித்து மீண்டும் திருத்தித் தம் கையின் உறுதியைத் தாமே சோதிக்க. எண்ணுக்கு முன்னர்ச் சொல்லை எழுதுக. எது சிறந்தது, எது குறைந்தது என்னும் இரு வரி, மாணவர்க்கு எந்த எண்ணையும்விடப் பயன் தரும். நுண்ணிய வேறுபாடு காண இயலாத இடத்தில் அகன்ற நிலைகளாகப் பகுக்க. சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் 2021 முதல் நுண்மதிப்பெண் கூட்டுக்கு மாற்றாக ஒவ்வொரு பாடத்திற்கும் எட்டு அடைவுநிலைகள் கொண்டுவரப்பட்டமை இவ்வுண்மையை ஓரளவு ஏற்றதன் அடையாளமே. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருமுறை இட்ட தரத்தை ஒருவன் பெயரோடு ஒட்டவைத்துவிடாதிருக்க.

மதுவுக்குத் தவறான எண் இட்டால் வணிகன் இழப்பான். அல்லது குடிப்பவன் ஏமாறுவான். மாணவனுக்கு இட்டால், அவன் அந்த எண்ணைத் தானென்றே நம்பி வளர்வான். மூத்தோன் தோட்டம் தன் தரத்தை மாற்ற 118 ஆண்டுகள் காத்திருந்தது. தோட்டத்தால் காத்திருக்க முடிந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவனால் முடியாது.